விசாகா கமிட்டி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழ்நாட்டில் ஐ.டி. கம்பெனிகளிலும் பனியன் ஆலைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும், வேலையிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களை விசாரிக்கும் விசாகா கமிட்டியில் பெயர் உள்ள எல்லோருக்கும் இந்த மடல். நான் தொழிற்சங்க வேலையில் இருப்பவள். புகார் எழுத உதவி கேட்டு வரும் பெண்களோடு உட்காருவதும், விசாரணை நாளன்று கேட் வரை கூடப் போவதும் என் வேலையில் ஒரு பகுதி. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே வந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளிகளுக்கு எழுதலாம், அரசுக்கு எழுதலாம். எழுதியும் வருகிறோம். ஆனால் புகார் கொடுத்த பெண் அதே வேலையில் தொடர்வாரா, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாரா என்பது பெரும்பாலும் உங்கள் அறையில்தான் முடிவாகிறது.

உங்களில் பலர் இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை என்பது தெரியும். சீனியர் பெண் ஊழியர் ஒருவர் வேண்டும் என்றார்கள், உங்கள் பெயரைப் போட்டார்கள். அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே ஒரு புகார் மேஜைக்கு வருகிறது. அதில் இருப்பது உங்களுக்கும் மேலே இருக்கும் மேனேஜரின் பெயர். அந்த நேரத்தில் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது உண்மை. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பலம் அவருக்கு இல்லை.

அந்தப் பலம் எவ்வளவு என்று உங்களுக்கே சரியாகச் சொல்லித் தரப்படவில்லையோ என்று பல நேரம் தோன்றுகிறது. ஆட்களை வரவழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பது, ஆவணங்களைத் தரச் சொல்வது ஆகிய விஷயங்களில் ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உங்கள் குழுவுக்கு உண்டு. ஷிஃப்ட் பட்டியல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழுவின் பதிவுகள், எதைக் கேட்டாலும் நிர்வாகம் தந்தாக வேண்டும். சிசிடிவி பதிவை மட்டும் புகார் வந்த அன்றைக்கே கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். முதல் அமர்வு வரை காத்திருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், நீங்கள் பரிந்துரைத்ததை நிர்வாகம் 60 நாளுக்குள் செயல்படுத்த வேண்டும். உங்கள் அறிக்கையையே ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை அறிக்கையாகக் கொள்ள வேண்டும் என்று மேதா கோத்வால் லேலே வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிர்வாகம் தன் ஆட்களை வைத்து முதலிலிருந்து இன்னொரு விசாரணை நடத்தி உங்கள் முடிவை மாற்றிக்கொள்ள இடமில்லை.

இந்த அதிகாரம் யார் பட்ட பாட்டில் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக 1992-இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995-இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. வேலை செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டு மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க வேலையிடத்தில் குழு வேண்டும் என்று 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க 2013 வரை ஆனது. பன்வாரி தேவிக்குக் கிடைக்காத விசாரணைதான் இன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

சரி, அந்த அறைக்கு வருகிறேன்.

ஓர் ஏற்றுமதி ஆலையில் விசாரணைக்கு ஒதுக்கியது கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் ரூம். புகார் கொடுத்த பெண் வேலை செய்யும் அதே தளம். அவர் உள்ளே போவதை லைனில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள், இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. ஹெச்.ஆர். மேலாளர் கமிட்டி உறுப்பினர் இல்லை, ஆனாலும் உதவிக்கு என்று உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி, "ஏம்மா, இத்தனை நாளா ஏன் சொல்லல?" அடுத்தது, "வீட்டுக்குத் தெரியுமா?" என்ன நடந்தது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். அந்தப் பெண் தேதிகளைத் தன் சம்பளச் சீட்டுகளின் பின்பக்கம் பென்சிலில் குறித்து வைத்திருந்தவர். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சீட்டுகளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். உள்ளே யாரும் அவற்றை வாங்கிப் பார்க்கவில்லை.

இதில் எதையும் சட்டம் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. விசாரணையை வேறு தளத்தில், வேறு கட்டடத்தில், ஷிஃப்ட் முடிகிற நேரம் தாண்டி வைக்கலாம். உறுப்பினர் இல்லாதவரை வெளியே போகச் சொல்லும் உரிமை தலைவருக்கு உண்டு. எழுதத் தெரியாதவராக இருந்தால் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டிய கடமையே கமிட்டிக்கு இருக்கிறது. எங்களைப் போன்றவர்களைத் தேடி அவர் வெளியே அலைய வேண்டியதில்லை.

ஏன் இத்தனை நாள் என்ற கேள்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது விதிதான். ஆனால் தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் வர முடியாத சூழ்நிலை இருந்தது என்று கமிட்டிக்குத் திருப்தி ஏற்பட்டால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதாவது, தாமதத்துக்கான காரணத்தைக் கேட்பது அவருக்குக் கதவைத் திறந்துவிடுவதற்காக. அதையே குற்றச்சாட்டுபோலக் கேட்டால் எந்தப் பெண் உண்மையான காரணத்தைச் சொல்வார்? சம்பளம், அப்ரைசல், ஹாஸ்டல் இடம், ஊரில் தெரிந்தால் வேலையை விட்டு வா என்பார்களே என்ற பயம். காரணங்கள் எல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான்.

அடுத்தது சாட்சி. "பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் பேனாவை மூடி வைக்கிற கமிட்டிகள் உண்டு. இந்த மாதிரிக் காரியத்தை நாலு பேர் பார்க்க யார் செய்வார்கள்? கிரிமினல் வழக்கில் கேட்கிற அளவுக்கு ஐயமற்ற நிரூபணம் உங்கள் விசாரணைக்குத் தேவையில்லை. இரு பக்கத்தையும் கேட்டு, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எடைபோட்டால் போதும். ஏற்றுமதி ஆடை வளர்ச்சிக் கழகத்தின் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: சாட்சியத்தில் இருக்கும் சின்னச் சின்ன முரண்களைப் பிடித்துக்கொள்ளாமல் வழக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அந்த வழக்கில், உடலைத் தொட்டதாக நிரூபணம் இல்லை, தொட முயன்றது மட்டும்தானே என்று உயர் நீதிமன்றம் அதிகாரியை வேலைநீக்கத்திலிருந்து காப்பாற்றியிருந்தது. உச்ச நீதிமன்றம் வேலைநீக்கம் சரி என்று திரும்பக் கொண்டுவந்தது.

சம்பவம் நடந்த அன்று அவர் யாரிடம் போன் செய்து அழுதார், அடுத்த நாள் ஏன் லீவு போட்டார், எப்போதிலிருந்து ஷிஃப்ட் மாற்றிக் கேட்டார் என்று விசாரித்துப் பாருங்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லாத இடத்தில் இவையெல்லாம் பேசும்.

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பழகுவார், தப்பா நினைக்கல" என்ற பதிலும் அடிக்கடி வருகிறது. எந்த எண்ணத்தில் செய்தார் என்பதைவிட, அதை எதிர்கொண்ட பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. உங்கள் அறிக்கைகளில் இந்தத் தீர்ப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நான் உங்களிடம் மிகவும் கேட்டுக்கொள்வது இடைக்கால நிவாரணத்தைப் பற்றி. புகார் கொடுத்த நாளுக்கும் அறிக்கை வருகிற நாளுக்கும் நடுவில்தான் பெண்கள் உடைந்து போகிறார்கள். யார் மேல் புகாரோ அவரே டார்கெட் போடுகிறார், அவரே லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறார், அவரே அப்ரைசலில் மதிப்பெண் தருகிறார். அந்த மூன்று மாதம் அவர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசத் தேவையில்லை. வேலையை வைத்தே நெருக்கிவிடலாம். இதைத் தடுக்கத்தான் சட்டம் வழி வைத்திருக்கிறது. விசாரணை முடியும் வரை இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றலாம். பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் விடுப்பைத் தொடாமல் மூன்று மாதம் வரை தனி விடுப்பு தரலாம். அவருடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பை எதிர்த் தரப்பிடமிருந்து எடுத்து வேறு அதிகாரிக்குத் தரலாம். நீங்கள் எழுத்தில் பரிந்துரைத்தால் நிர்வாகம் செய்தாக வேண்டும்.

ஆனால் இதற்கு அந்தப் பெண் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படி விண்ணப்பிப்பார்? அதனால் புகாரைக் கையில் வாங்கும்போதே நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி வாங்கினால் போதும். மாற்றுவது என்று முடிவானால் முதலில் எதிர்த் தரப்பை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெண்ணை வேறு கிளைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதுகாப்பு கொடுத்தோம் என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து மனம் கொதிக்கிறது. அவர் குடியிருப்பது, குழந்தை படிப்பது எல்லாம் ஒரு இடத்தில். வேலை இன்னொரு இடத்தில். தண்டனை யாருக்கு?

சமரசம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். விசாரணை தொடங்கும் முன் சமரசத்துக்கு முயலலாம் என்று சட்டம் சொல்கிறது, பெண் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தின் அடிப்படையாக இருக்கவே கூடாது. என்னிடம் வந்த ஒருவர் காட்டிய தாளில், "இரு தரப்பும் பேசி மனமொத்து இப்பிரச்சினையை முடித்துக்கொண்டோம்" என்று டைப் அடித்து, கீழே அவர் பெயருக்கு நேரே கோடு போட்டு வைத்திருந்தார்கள். அவர் முதல் அமர்வுக்குப் போன நேரத்தில் அந்தத் தாள் ஏற்கெனவே மேஜையில் இருந்திருக்கிறது. சமரசம் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு தாள் உங்கள் மேஜைக்கு வந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்.

பொய்ப் புகார் என்ற பயமுறுத்தலும் உண்டு. "நிரூபிக்க முடியலன்னா உங்க மேல நடவடிக்கை வரும், தெரியுமில்ல?" என்று அக்கறையாகச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். சட்டத்தின் 14-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவே இல்லை. நிரூபிக்க முடியாமல் போவதும் போதிய ஆதாரம் தராததும் நடவடிக்கைக்குக் காரணம் ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்த பொய்ப் புகார் என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கெட்ட எண்ணத்தைத் தனியாக விசாரித்து நிலைநாட்ட வேண்டும். முதல் நாளே இந்தப் பிரிவை எடுத்துப் போடுவது மிரட்டல்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

ரகசியம் காப்பதும் இப்படித்தான் தலைகீழாகிக் கிடக்கிறது. பெண்ணின் பெயரும் விவரங்களும் வெளியே போகக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. நடைமுறையில் அவர் தன் தோழியிடமோ சங்கத்திடமோ பேசக் கூடாது என்று வாயை அடைக்கப் பயன்படுகிறது. அவர் பெயரோ மதியத்துக்குள் கேன்டீன் வரை போய்விடுகிறது. போலீசுக்குப் போவதையும் இந்த விதி தடுக்காது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் பாலியல் துன்புறுத்தல் தனிக் குற்றம். அவர் அந்த வழியில் போக விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று உங்கள் கமிட்டிக்கு அதிகாரம் தரும் 2013 சட்டம்தான் சொல்கிறது.

வெளி உறுப்பினர்களாக இருப்பவர்களே, உங்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். அந்த அறையில் கம்பெனியின் சம்பளத்தை நம்பி இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான். விதிப்படி உங்களுக்கு ஒரு நாள் அமர்வுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். அந்தத் தொகை போதாது என்பது என் கருத்தும்கூட. ஆனால் அதைக் காரணமாக வைத்து வருடத்துக்கு ஒருமுறை வந்து மினிட்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை ஏற்க முடியாது. மற்ற உறுப்பினர்கள் கேட்கப் பயப்படும் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவர்களோடு ஒத்துப்போக முடியாவிட்டால் உங்கள் மாற்றுக் கருத்தைத் தனியே எழுதி அறிக்கையோடு சேருங்கள். மேல்முறையீடு போகும்போது அந்த ஒரு பக்கம் எவ்வளவு உதவும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

உங்கள் கமிட்டி யாருக்கு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், அப்ரன்டிஸ், சம்பளமே இல்லாமல் வேலை பழகுகிறவர் என்று எல்லோரையும் சட்டம் ஊழியர் என்கிறது. அலுவலகத்தைத் துடைக்க ஏஜென்சி அனுப்பும் அம்மாவும் உங்களிடம் புகார் தரலாம். கம்பெனி ஏற்பாடு செய்யும் வேனும் பஸ்ஸும் பணியிடம்தான். "அவங்க நம்ம ரோல்ல இல்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடத்திலிருந்தோ, வீட்டு வேலை செய்யும் இடத்திலிருந்தோ யாராவது உங்களிடம் கேட்டால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு வழி சொல்லுங்கள். முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

கமிட்டி என்பது காகிதம்தான், எதுவும் மாறாது என்று சொல்பவர்களுக்கு நான் திண்டுக்கல்லைக் காட்டுவேன். 2021 ஜனவரியில் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் மீதே கொலை வழக்கு. அதற்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் அங்கே துணி தைத்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்களிலிருந்தே ஆள் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, 25 பேருக்கு ஒருவர் என்று தளத்தில் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். ஒரு பெண் முதலில் பேசுவது பக்கத்து மெஷினில் இருப்பவரிடம்தான் என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் உங்கள் கமிட்டி இதை ஆரம்பிக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

வருட முடிவில் நீங்கள் தரும் அறிக்கையில் புகார்கள் பூஜ்யம் என்று எழுதும்போது, அது நல்ல செய்தியா என்று ஒரு முறை யோசியுங்கள். 2025 ஜூலையிலிருந்து கம்பெனிகள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது என்று எண்ணிக்கை காட்டியாக வேண்டும். பூஜ்யமாகவே வைத்துக்கொள்ள உங்களுக்கு நெருக்கடி வரலாம். அந்த நெருக்கடி வாய்மொழியாக வந்தாலும் மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். உங்கள் நோட்டீஸ் போர்டில் கமிட்டி உறுப்பினர்களின் பெயர்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் அட்மின் ஆபீஸ் வாசலில். தமிழில் போடுங்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தைக்கும் பெண்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் போடுங்கள். ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தலைவரின் சொந்த எண்ணைப் போடுங்கள். பெண்கள் கழிவறைக்குள் ஒரு நகலை ஒட்டுங்கள். அங்கே நின்றுதான் யாரும் பார்க்காமல் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
புகார் எழுத உதவும் ஒரு தொழிற்சங்கப் பெண்